ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து 1729 வரை: கணக்குப் போட்டு நிரல் எழுதப் பழகுவது

என்னிடம் கணினி நிரல் எழுதக் கற்க வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே எங்காவது ஓர் ஆரம்ப வகுப்பை முடித்தவர்கள். போன வருடம் வந்த ஒரு கல்லூரி மாணவி, மாறி (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) என்றால் என்ன, சுழற்சி (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றால் என்ன என்று கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். "சரி, ஏழாம் வாய்ப்பாட்டை அச்சிடுகிற மாதிரி ஒரு நிரல் எழுதும்மா" என்றேன். இருபது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி வரவில்லை.

கணினியை மூடச் சொல்லிவிட்டு நோட்டைக் கொடுத்தேன். "வாய்ப்பாட்டைக் கையால் எழுது. எழுதும்போது கை என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது." எழுதினாள். நாலாவது வரி வரும்போது அவளே சொன்னாள்: "ஏழு அப்படியே இருக்கு சார். பக்கத்துல இருக்கிற எண் மட்டும் ஒண்ணொண்ணா கூடுது. பத்து வந்ததும் நிறுத்திடுவேன்."

அவள் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களும் அப்படியே நிரலின் மூன்று பகுதிகள். நான் சொல்லித்தரும் முறை இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. கை செய்வதைக் கவனிக்க வேண்டும், அதை வாக்கியமாகச் சொல்ல வேண்டும், அந்த வாக்கியத்தை நிரலாக எழுத வேண்டும். இதைப் பழக எளிய கணக்கைவிட நல்ல இடம் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கணக்கில் விடை முன்பே தெரியும். நிரல் தவறாக இருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும், யாரிடமும் போய்ச் சரிபார்க்கத் தேவையில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன்

ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, ஒரு கணினி. மொழிக்கு இரண்டு வழிகள் சொல்கிறேன்.

முதல் வழி எழில். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய திறமூல (யாரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய) நிரல் மொழி இது. இதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-லேயே இணையத்தில் வந்துவிட்டது. கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். அச்சிடுவதற்கு 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', சுழற்சிக்கு 'வரை', தொடங்கியதை முடிக்க 'முடி'. எழில், பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியின் மேல் இயங்குகிறது. அதனால் முதலில் கணினியில் பைத்தானை நிறுவி, பிறகு அதனுடன் வரும் பிப் என்ற கருவியைக் கொண்டு எழிலை நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி நேராகப் பைத்தான். அதில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். 'பதிப்பி' இருக்கும் இடத்தில் பிரிண்ட், 'ஆனால்' இருக்கும் இடத்தில் இஃப், 'வரை' இருக்கும் இடத்தில் வைல் வரும். ஆனால் பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மீதி, மொத்தம் என்று பெயர் வைத்தால் பைத்தான் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி. பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் எல்லா நிரல்களையும் எழிலில் எழுதியிருக்கிறேன். எழிலில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பைத்தானுக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. முதல் வாரத்தில் மனசு கணக்கில் இருக்க வேண்டும், ஆங்கில எழுத்துக் கூட்டலில் இருக்கக் கூடாது.

தட்டெழுதும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஆவணம் எழுதும் செயலிகளில் நிரல் எழுதாதீர்கள். அவை மேற்கோள் குறிகளைத் தாமாகவே வளைத்து அழகாக்கிவிடும். நிரலுக்கு நேரான மேற்கோள் குறிதான் வேண்டும். எனவே நோட்பேட் போன்ற சாதாரண உரைக் கருவியே போதும். இரண்டாவது, தமிழுக்கே உரிய சிக்கல். 'ஔ' என்ற எழுத்தும், 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டிய 'ஒள'வும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு. துணைக்கால் 'ா' போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டாலும் அப்படித்தான். "இந்தப் பெயர் தெரியவில்லை" என்று கணினி சொல்லி, உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தால், அந்தப் பெயரை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலாச்சுளையும் ஒரு டப்பாவும்

முதல் நிரலுக்கு ஒரு பழைய கணக்கை எடுத்துக்கொள்வோம். கணக்கதிகாரம் என்ற தமிழ்க் கணித நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் அது சரியாக வருமா என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது அதன் வடிவம்.

முள் = 100
சுளை = (முள் * 6) / 5
பதிப்பி சுளை

விடை 120. முள்ளின் எண்ணிக்கையை 85 என்று மாற்றிப் பாருங்கள், 102 வரும். மூன்றாவது வரியைத் தொடவே இல்லை, இரண்டாவது வரியையும் தொடவில்லை. ஒரே வரியை மாற்றியதும் விடை மாறியது. அடைப்புக்குறியைத் தாராளமாகப் போடுங்கள். எது முதலில் நடக்கும் என்ற சந்தேகம் உங்களுக்கும் வராது, கணினிக்கும் வராது.

இப்போது, கணக்கில் கெட்டிக்காரர்களே தடுமாறும் இடம். கீழே உள்ள வரியைப் பாருங்கள்.

வரிசை = வரிசை + 1

பள்ளிக்கூடக் கணக்கில் இது பொய். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள்தான் இங்கே அதிகம் திகைப்பார்கள், அவர்கள் திகைப்பது நியாயமும்கூட. நிரலில் '=' என்பது "சமம்" என்று படிக்கப்படுவதில்லை. சமையலறையில் பெயர் ஒட்டிய டப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். '=' குறிக்கு இடப்பக்கம் இருப்பது டப்பாவின் பெயர். வலப்பக்கம் இருப்பது செய்ய வேண்டிய வேலை. கணினி முதலில் வலப்பக்கத்தைப் பார்க்கும்: 'வரிசை' டப்பாவில் இப்போது என்ன இருக்கிறது? 4. அதோடு 1 கூட்டினால் 5. அந்த 5-ஐக் கொண்டுபோய் அதே டப்பாவில் போடு. பழைய 4 போய்விட்டது.

அதனால் இந்த வரியைப் படிக்கும்போது வலமிருந்து இடமாகப் படியுங்கள்: "வரிசையில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டி, வரிசையில் வை." சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் '==' என்று இரட்டைக் குறி வரும். ஒற்றைக் குறி வைக்கச் சொல்கிறது, இரட்டைக் குறி கேள்வி கேட்கிறது. இந்த ஒன்று புரிவதற்கு ஒரு நாள் முழுக்க ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

வாய்ப்பாடு

அந்த மாணவி சொன்ன மூன்று வாக்கியங்களை இப்போது எழுதலாம்.

வரிசை = 1
@( வரிசை <= 10 ) வரை
  பதிப்பி "7 ×", வரிசை, "=", 7 * வரிசை
  வரிசை = வரிசை + 1
முடி

'@( )' என்பதற்குள் இருப்பது நிபந்தனை, அதில் '<=' என்றால் சிறியது அல்லது சமம். '7' மாறவில்லை. 'வரிசை' ஒவ்வொன்றாகக் கூடுகிறது. பத்தைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது.

இதில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு, 'வரிசை = வரிசை + 1' என்ற வரியை மறந்துவிடுவது. மறந்தால் திரை முழுக்க '7 × 1 = 7' என்று ஓடிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. பயப்பட வேண்டாம், கணினி கெட்டுப்போகவில்லை. கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். நான் சொல்லித்தரும்போது இந்தத் தவறை வேண்டுமென்றே ஒருமுறை செய்துபார்க்கச் சொல்வேன். ஓடுகிற நிரலை நிறுத்தத் தெரிந்துவிட்டால் அப்புறம் எதையும் துணிந்து எழுதிப் பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு: வாய்ப்பாட்டைத் தலைகீழாக, பத்திலிருந்து ஒன்றுக்கு வரும்படி மாற்றுங்கள். மூன்று இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். எந்த மூன்று என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டுத் தட்டுங்கள்.

5050: தப்பான விடையைப் படிப்பது

ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டுவது. இந்தப் பயிற்சியில் மட்டும் ஒரு வாரம் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நிரலாக்கத்தில் பாதி இதற்குள் இருக்கிறது.

மொத்தம் = 0
வரிசை = 1
@( வரிசை <= 100 ) வரை
  மொத்தம் = மொத்தம் + வரிசை
  வரிசை = வரிசை + 1
முடி
பதிப்பி மொத்தம்

விடை 5050 என்று நமக்கு முன்பே தெரியும். 100-ஐ 101-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் வந்துவிடும். அப்படித் தெரிந்திருப்பதால்தான் இது நல்ல பயிற்சி. 5050 வராமல் வேறு எண் வந்தால், அந்த எண்ணையே உற்றுப் பாருங்கள். எங்கே பிசகியது என்பது அதற்குள்ளேயே இருக்கும்.

4950 வந்ததா? நூறு குறைகிறது. அதாவது கடைசி எண் சேரவில்லை. '<=' போட வேண்டிய இடத்தில் '<' போட்டிருப்பீர்கள்.

5150 வந்ததா? நூறு கூடிவிட்டது. சுழற்சிக்குள் இருக்கும் இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கும். முதலில் 'வரிசை' கூடிவிடுவதால் 1 விட்டுப்போய், 2 முதல் 101 வரை கூட்டியிருக்கிறது. 101 புதிதாக வந்தது, 1 போனது, வித்தியாசம் 100.

5051 என்றால் மொத்தத்தை 0-க்குப் பதிலாக 1-ல் தொடங்கியிருக்கிறீர்கள். திரையில் ஒரு எண்ணுக்குப் பதில் நூறு எண்கள் வந்தால், 'பதிப்பி' வரி 'முடி'க்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

இதை மூன்று நான்கு முறை செய்தவருக்குத் தப்பான விடை வந்தால் எரிச்சல் வராது. 4950 என்றதும் பேனாவை எடுத்து "நூறு எங்கே போச்சு?" என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

விடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபோது தடம் பார்க்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பத்தி போடுங்கள். நூறு வரை வேண்டாம், நிபந்தனையில் 100-ஐ 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள்தான் கணினி. வரி வரியாக விரலை வைத்து, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்.

தொடக்கம்: மொத்தம் 0, வரிசை 1
முதல் சுற்று: மொத்தம் 1, வரிசை 2
இரண்டாம் சுற்று: மொத்தம் 3, வரிசை 3
மூன்றாம் சுற்று: மொத்தம் 6, வரிசை 4
நான்காம் சுற்று: மொத்தம் 10, வரிசை 5

ஐந்தாவது முறை நிபந்தனையைப் பார்க்கும்போது 5 <= 4 என்பது பொய். வெளியே வந்தாயிற்று. மொத்தம் 10. சுழற்சி முடிந்தபிறகு 'வரிசை' டப்பாவில் 4 இருக்காது, 5 இருக்கும் என்பதைக் கவனித்தீர்களா? இதைத் தெரியாமல் பல வருடம் நிரல் எழுதுகிறவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். தடம் பார்க்கும்போது எல்லோரும் செய்யும் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. நிரலில் என்ன எழுதியிருக்கிறதோ அதை விட்டுவிட்டு, என்ன எழுத நினைத்தோமோ அதைச் செய்துவிடுவது. அதனால்தான் விரலை வரியின் மேல் வைக்கச் சொல்கிறேன்.

மீதி என்ற சின்னக் கருவி

17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2. நிரலில் இதற்குச் சதவீதக் குறி: 17 % 5. சதவீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குறி மட்டும் அதே. ஈவைவிட மீதிதான் நிரலில் அதிகம் பயன்படும். இரட்டைப் படையா என்று கேட்க, ஓர் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பிரிக்க, இன்றிலிருந்து 100 நாள் கழித்து என்ன கிழமை என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. 100 % 7 என்பது 2, எனவே இன்று செவ்வாய் என்றால் நூறு நாள் கழித்து வியாழன்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி: 1000-க்குக் கீழே, 3-ஆல் அல்லது 5-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களையெல்லாம் கூட்டுவது. புராஜெக்ட் ஆய்லர் என்ற இணையதளத்தின் முதல் கணக்கு இதுதான். உலகம் முழுக்க ஆரம்பநிலையில் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கும் கணக்கு.

மொத்தம் = 0
வரிசை = 1
@( வரிசை < 1000 ) வரை
  @( (வரிசை % 3) == 0 ) ஆனால்
    மொத்தம் = மொத்தம் + வரிசை
  @( (வரிசை % 5) == 0 ) இல்லைஆனால்
    மொத்தம் = மொத்தம் + வரிசை
  முடி
  வரிசை = வரிசை + 1
முடி
பதிப்பி மொத்தம்

விடை 233168. நிறையப் பேருக்கு முதல் தடவை 266333 வரும். அவர்கள் 'இல்லைஆனால்' போடாமல், இரண்டு தனித்தனி 'ஆனால்' போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் 15, 30, 45 போன்ற எண்கள் இரண்டு நிபந்தனைக்குள்ளும் புகுந்து இரண்டு முறை கூட்டப்படும். இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் 33165. ஆயிரத்துக்குக் கீழே உள்ள 15-இன் மடங்குகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், சரியாக அதே 33165 வரும். பள்ளியில் கணங்களின் வெட்டு, சேர்ப்பு என்று வட்டம் வட்டமாக வரைந்தோமே, அந்த நடுத்துண்டு இதுதான். என்னிடம் படித்த ஒருவர், "இதைப் பரீட்சைக்கு மட்டும்தான் வரையணும்னு நெனச்சேன்" என்றார்.

லீப் ஆண்டு கணக்கையும் இங்கேயே செய்துவிடுங்கள். 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. ஆனால் 100-ஆல் வகுபட்டால் இல்லை. அதிலும் 400-ஆல் வகுபட்டால் ஆம். கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம், 400-ஐ முதலில் கேட்டால் எல்லாம் சுலபம். எழுதியபின் 2023, 2024, 1900, 2000 என்ற நான்கு ஆண்டுகளையும் கொடுத்துப் பாருங்கள். இல்லை, ஆம், இல்லை, ஆம் என்று வர வேண்டும். 2024-ஐ மட்டும் சோதித்துவிட்டு "சரியாக வேலை செய்கிறது" என்று எழுந்துவிடாதீர்கள்.

தரைக்கு ஓடு பதிப்பது

252 சென்டிமீட்டர் நீளம், 105 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு குளியலறைத் தரை. ஓட்டை வெட்டாமல், சதுர ஓடுகளை மட்டும் பதிக்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய ஓடு எந்த அளவு?

இதைத்தான் பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தோம். இலங்கையில் படித்தவர்களுக்குப் பொது காரணிகளுள் பெரியது. இதற்குக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சொன்ன வழி 2000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது, இன்றுவரை மாறாமல் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை எடு. இப்போது சிறியது பெரியதாகிவிடும், மீதி சிறியதாகிவிடும். மீதி 0 ஆகும்வரை இதையே செய்.

கையால்: 252-ஐ 105-ஆல் வகுத்தால் மீதி 42. 105-ஐ 42-ஆல் வகுத்தால் மீதி 21. 42-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி 0. விடை 21. அதாவது 21 சென்டிமீட்டர் ஓடு, நீளவாக்கில் 12, அகலவாக்கில் 5, மொத்தம் 60 ஓடுகள்.

நிரல்பாகம் பொதுக்காரணி(பெரிது, சிறிது)
  @( சிறிது > 0 ) வரை
    மீதி = பெரிது % சிறிது
    பெரிது = சிறிது
    சிறிது = மீதி
  முடி
  பின்கொடு பெரிது
முடி
பதிப்பி பொதுக்காரணி(252, 105)

இங்கே இரண்டு புதிய சொற்கள். 'நிரல்பாகம்' என்பது ஒரு வேலைக்குப் பெயர் வைத்து ஒதுக்கி வைப்பது, 'பின்கொடு' அந்த வேலையின் விடையைத் திருப்பித் தருவது. ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு எத்தனை தரைக்கும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

'மீதி' என்ற மூன்றாவது டப்பா எதற்கு என்று கேட்க வேண்டும் நீங்கள். அது இல்லாமல், முதலில் 'பெரிது = சிறிது' என்று எழுதிவிட்டால் பழைய 252 தொலைந்துபோகும், மீதி எடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டு டம்ளரில் பாலும் மோரும் இருக்க, இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டியிருப்பது போலத்தான். அப்புறம், எண்களை மாற்றி 105, 252 என்று கொடுத்துத் தடம் பாருங்கள். முதல் சுற்றிலேயே இரண்டும் தாமாக இடம் மாறிக்கொள்ளும். எனக்கு இந்த வழிமுறையில் மிகவும் பிடித்த இடம் அது.

பகா எண்கள்

ஓர் எண் பகா எண்ணா என்று கையால் எப்படிப் பார்ப்போம்? 2-ஆல் வகுபடுகிறதா, 3-ஆல் வகுபடுகிறதா என்று ஒவ்வொன்றாக. அதையே எழுதலாம். எதுவரை பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 97-ஐ எடுத்துக்கொண்டால், 2 முதல் 96 வரை 95 முறை வகுக்க வேண்டியதில்லை. காரணிகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், ஜோடியில் ஒன்று பெரிதானால் மற்றது சிறிதாக இருக்கும். பத்துப் பத்து நூறு, அது 97-ஐத் தாண்டிவிட்டது. எனவே சிறிய துணை 10-க்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். 2 முதல் 9 வரை எட்டு முறை வகுத்தால் போதும்.

நிரல்பாகம் பகாவா(இலக்கு)
  @( இலக்கு < 2 ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  வகு = 2
  @( (வகு * வகு) <= இலக்கு ) வரை
    @( (இலக்கு % வகு) == 0 ) ஆனால்
      பின்கொடு 0
    முடி
    வகு = வகு + 1
  முடி
  பின்கொடு 1
முடி

பகா எண் என்றால் 1, இல்லையென்றால் 0. இதை வைத்து 1 முதல் 100 வரை எத்தனை பகா எண்கள் என்று எண்ணும் சுழற்சியை நீங்களே எழுதுங்கள். 25 வர வேண்டும். 26 வந்தால், 1-ஐயும் பகா எண்ணாக எண்ணிவிட்டீர்கள், மேலே உள்ள முதல் நிபந்தனை விட்டுப்போயிருக்கும். 49-ஐயும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். '<=' இருக்க வேண்டிய இடத்தில் '<' இருந்தால் 49 பகா எண் என்று பொய் சொல்லும், ஏனென்றால் 7-ஐச் சோதிக்காமலே வெளியே வந்திருக்கும். 1000 வரை எண்ணினால் 168.

1729

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு பரிசுக் கணக்கு. ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், லண்டனில் பட்னி என்ற இடத்தில் நோயாளியாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். இல்லை, இரண்டு கன எண்களின் கூடுதலாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் பதில் சொன்னார். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தாலும் 1729, 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

அவர் மனசிலிருந்து சொன்னதை நாம் தேடிப் பிடிப்போம். 2000 வரை ஒவ்வொரு எண்ணாக எடுத்து, எத்தனை வழிகளில் இரண்டு கனங்களாகப் பிரிக்கலாம் என்று எண்ணுவது. 13-இன் கனம் 2197, அது 2000-ஐத் தாண்டிவிடுவதால் 12 வரை பார்த்தால் போதும்.

இலக்கு = 1
@( இலக்கு <= 2000 ) வரை
  வழிகள் = 0
  இடது = 1
  @( இடது <= 12 ) வரை
    வலது = இடது
    @( வலது <= 12 ) வரை
      கூடுதல் = (இடது * இடது * இடது) + (வலது * வலது * வலது)
      @( கூடுதல் == இலக்கு ) ஆனால்
        வழிகள் = வழிகள் + 1
      முடி
      வலது = வலது + 1
    முடி
    இடது = இடது + 1
  முடி
  @( வழிகள் == 2 ) ஆனால்
    பதிப்பி இலக்கு
  முடி
  இலக்கு = இலக்கு + 1
முடி

கொஞ்ச நேரம் ஓடும், காத்திருங்கள். திரையில் ஒரே ஓர் எண் வரும்.

நடுவில் 'வலது = இடது' என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'வலது = 1' என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். 9, 28, 35 என்று எண்கள் கொட்டும், 1729 மட்டும் வராது. 9 என்பதை 1-உம் 8-உம் என்று ஒருமுறை, 8-உம் 1-உம் என்று இன்னொரு முறை எண்ணியிருக்கும், அதனால் இரண்டு வழி. 1729-க்கு நான்கு வழியாகிவிட்டதால் நிபந்தனையில் தேறவில்லை. இதைத் தானாகக் கண்டுபிடித்தவர் நிரலாக்கத்தின் ஆரம்பத்தைத் தாண்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வேன்.

அடுத்து, இப்படி இரண்டு வழியுள்ள அடுத்த எண்ணைத் தேடுங்கள். 2000-ஐ 5000 என்று மாற்றினால் மட்டும் கிடைக்காது. 12-ஐயும் இரண்டு இடத்திலும் 17 ஆக்க வேண்டும், 17-இன் கனம் 4913. அப்போது 1729-க்குப் பிறகு 4104 வரும். 2-உம் 16-உம் ஒரு ஜோடி, 9-உம் 15-உம் இன்னொரு ஜோடி. காகிதத்தில் கனங்களைக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை காத்திருப்பு நன்றாகவே நீளும். முதல் நிரலில் ஓர் எண்ணுக்கு 78 ஜோடிகள், 2000 எண்களுக்கு 1,56,000 சோதனைகள். இப்போது ஓர் எண்ணுக்கு 153 ஜோடிகள், 5000 எண்களுக்கு 7,65,000 சோதனைகள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு இலக்குக்கும் அதே 153 கூடுதல்களைத்தானே திரும்பத் திரும்பப் போடுகிறோம்? நோட்டில் முதல் 78-ஐ மட்டும் எழுதுங்கள்: 2, 9, 28, 65 என்று தொடங்கி 12 வரை எல்லா ஜோடிகளின் கூடுதலும். எழுதி முடித்து, இரண்டு முறை வந்திருக்கும் எண்ணைத் தேடி வட்டம் போடுங்கள். அரை மணி நேர வேலை. அந்த 78 எண்களையும் கணினி எங்கே எழுதி வைத்துக்கொள்ளும் என்ற கேள்வி அப்போது வரும். ஓர் எண்ணுக்கு ஒரு டப்பா என்று 78 டப்பா வைக்க முடியாது. அந்தக் கேள்வியோடு நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே 'பட்டியல்' என்று தலைப்புப் போடுங்கள்.